அம்மாவின் எடையும் இதயத் துடிப்பும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு வயது 61. எடை 96 கிலோ இருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத் துடிப்பு. நள்ளிரவில் எழுந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்தபடி விடியும்வரை காத்திருப்பார். பார்க்கவே மனம் பதறும்.

எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015இல் வெளிவந்த லெகசி ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு இந்தக் கோளாறு திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு. ஆனால் எடை ஏறி இறங்கினால் அந்தப் பலனில் ஒரு பங்கு போய்விடுகிறது. என் பயமே அதுதான்.

ஏழு மாதத்தில் 86 கிலோவுக்கு வந்துவிட்டார். மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறுகிறார்! ஆனால் இந்த வாரம் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. எடை குறையும்போது ரத்த அழுத்தமும் இறங்கும், பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடலாம் என்பதால் மருத்துவர் நாளையே வரச் சொல்லியிருக்கிறார். நாங்களாக எதையும் நிறுத்தவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி நடந்ததா? மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? குறைத்த எடையைக் கல்யாண வீடு, பண்டிகை எல்லாம் தாண்டி எப்படிக் காப்பாற்றினீர்கள்? இன்றிரவுக்குள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.