விண்டோஸ் ஜிடிஐ: திரையில் சரி, பிரிண்டில் எழுத்து பொடியாகிறது, ‘கொ’ உடைகிறது

நிரல்வாசி

வணக்கம். சி++, நேரடி வின்32, விண்டோஸ் 10. எழுத்து வரைவது ஜிடிஐ (விண்டோஸின் வரைகலைப் பகுதி) வழியாக. லேபிள் அச்சிடும் நிரல். மூன்று கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் காரணம் ஒன்றா, வேறு வேறா என்று பிடிபடவில்லை.

1. திரையில் 12 பாயின்ட்டில் நன்றாகத் தெரியும் வரி, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசர் பிரிண்டரில் பூதக்கண்ணாடி கேட்கும் அளவுக்குப் பொடியாக விழுகிறது.

2. ஜன்னல் மூலையில் நொடிக்கொரு முறை மாறும் கடிகாரம் உண்டு. நிரலைத் திறந்து சுமார் 55 நிமிடம் ஆனதும் எல்லா எழுத்தும் பழைய தடித்த ‘சிஸ்டம்’ ஃபான்ட்டுக்கு மாறிவிடுகிறது. பிறகு பொத்தான்கள்கூடச் சரியாக வரையப்படுவதில்லை. மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

3. வரியை இரு ஓரமும் நிரம்ப வைப்பதற்காக ஒவ்வொரு எழுத்தாக அகலம் பார்த்து வரைகிறேன். ‘கொள்முதல்’ என்பதில் ‘க’ தனியே நிற்கிறது. பக்கத்தில் புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு கொம்பும் காலும் தனியே நிற்கின்றன.

கோடின் சாரம்:

தொடக்கத்தில்: டிசி = கெட்டிசி(நல்); உயரம் = −மல்டிவ்(12, கெட்டிவைஸ்கேப்ஸ்(டிசி, லாக்பிக்சல்ஸ்ஒய்), 72)
டபிள்யூஎம்_பெயின்ட் (ஜன்னலை வரையச் சொல்லும் செய்தி): தலைப்பு, உடல், கடிகாரம் மூன்றுக்கும் கிரியேட்ஃபான்ட்(உயரம், …, “லதா”), செலக்ட்ஆப்ஜெக்ட், டெக்ஸ்ட்அவுட்
அச்சிடும்போது: அதே உயரம், அதே ஃபான்ட், பிரிண்டர் டிசி

டிசி_முகவர்

மூன்றும் வேறு வேறு. முதலாவதை மட்டும் நான் சொல்கிறேன்.

நிரல் திரையையோ பிரிண்டரையோ நேரில் தொடுவதில்லை. நடுவில் டிவைஸ் கான்டெக்ஸ்ட், அதாவது டிசி நிற்கிறது. எந்தச் சாதனம், அதன் துல்லியம் என்ன, இப்போது எந்த ஃபான்ட், எந்த நிறம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். மேப்பிங் மோடை (ஓர் அலகு எதைக் குறிக்கும் என்ற அமைப்பை) நீங்கள் மாற்றாவிட்டால் எம்எம்_டெக்ஸ்ட்தான். அதில் ஓர் அலகு என்பது அந்தச் சாதனத்தின் ஒரு புள்ளி. நீங்கள் கொடுக்கும் உயரம் பாயின்ட் (அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு) அல்ல, புள்ளிக் கணக்கு.

96 டிபிஐ திரையில் 12 × 96 ÷ 72 = 16. அந்த 16-ஐயே 600 டிபிஐ பிரிண்டருக்குக் கொடுத்தால் 16 ÷ 600 அங்குலம், 1.92 பாயின்ட், 0.7 மில்லிமீட்டருக்கும் குறைவு. பொடியாகாமல் என்ன செய்யும்? பிரிண்டர் டிசியிடமே லாக்பிக்சல்ஸ்ஒய் (செங்குத்தில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கேளுங்கள். 600 என்றால் உயரம் 100 வரும். 203 டிபிஐ லேபிள் பிரிண்டர் என்றால் 34. சாதனம் மாறினால் ஃபான்ட்டும் புதிதாக உருவாக வேண்டும்.

கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். கழித்தல் என்றால் எழுத்தின் உயரம். கூட்டல் என்றால் இன்டர்னல் லீடிங்கையும் (எழுத்துக்கு மேலே விடும் இடத்தையும்) சேர்த்த கட்டத்தின் உயரம். அப்போது அதே எண்ணுக்கு எழுத்து சற்றுச் சிறுக்கும்.

அகலத்துக்கும் இதே விதி. திரை டிசியில் அளந்து 600 ÷ 96-ஆல் பெருக்காதீர்கள். திரையில் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் முழு பிக்சலுக்கு ரவுண்டு செய்யப்படுவதால் நீண்ட வரியில் பிழை சேர்ந்துகொண்டே போகும். வரி வேறு இடத்தில் உடையும். பிரிண்டர் டிசியில் அளந்து வரிகளை முடிவு செய்துவிட்டு, அதைச் சுருக்கித் திரையில் முன்னோட்டமாகக் காட்டுவதே சரியான திசை.

கைப்பிடி

ரெண்டாவது ஹேண்டில் கசிவுங்க (ஹேண்டில்னா ஃபான்ட், பிரஷ் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் விண்டோஸ் தர்ற அடையாள எண்). கணக்கு உங்க கேள்வியிலேயே இருக்கு. ஒவ்வொரு பெயின்ட்டுக்கும் 3 ஃபான்ட் உருவாக்குறீங்க, எதையும் நீக்கல. நொடிக்கு 3. விண்டோஸ் ஒரு பிராசஸுக்குத் தர்ற ஜிடிஐ ஹேண்டில் வரம்பு இயல்பா 10,000. 10,000 ÷ 3 = 3,333 நொடி, அதாவது ஐம்பத்தஞ்சரை நிமிஷம். வரம்பைத் தொட்டதும் கிரியேட்ஃபான்ட் நல் (வெறுமை) கொடுக்கும், அதை செலக்ட் பண்ண முடியாது, டிசியில பிறவியிலேயே இருக்கிற சிஸ்டம் ஃபான்ட் அப்படியே நிக்கும். நீங்க பார்க்கிற தடித்த எழுத்து அதுதான். அடுத்து பிரஷ், பேனா எல்லாம் இதே மாதிரி கிடைக்காமப் போகும்.

உறுதி பண்ண டாஸ்க் மேனேஜர் திறந்து ‘டீட்டெய்ல்ஸ்’ தாவல்ல தலைப்பு வரிசை மேல ரைட் கிளிக் பண்ணி ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ பத்தியைச் சேருங்க. எண் ஏறிக்கிட்டே போனா கசிவுதான். சரியான நிரல்ல கொஞ்சம் ஏறி இறங்கும், அப்புறம் ஓரிடத்துல நின்னுடும்.

சரி பண்ணும் முறை: ஃபான்ட்டை பெயின்ட்டுல உருவாக்கவே வேண்டாம். ஜன்னல் பிறக்கும்போது ஒரு தடவை உருவாக்குங்க, டபிள்யூஎம்_டெஸ்ட்ராய்ல நீக்குங்க. வரையும்போது செலக்ட்ஆப்ஜெக்ட் திருப்பித் தர்ற பழைய ஃபான்ட்டைப் பிடிச்சு வெச்சு, முடிஞ்சதும் அதை டிசிக்குள்ள திரும்பப் போடுங்க. தேர்வில் இருக்கிற ஆப்ஜெக்ட்டை டெலிட்ஆப்ஜெக்ட் பண்ணக் கூடாது.

தொடக்கத்துல வாங்கின கெட்டிசிக்கும் ரிலீஸ்டிசி காணோம். எதால வாங்கினீங்களோ அதுக்கு உரியதாலதான் திருப்பணும்: கெட்டிசிக்கு ரிலீஸ்டிசி, பிகின்பெயின்ட்டுக்கு எண்ட்பெயின்ட், கிரியேட்டிசிக்கு டெலிட்டிசி. மாத்திப் போட்டா அதுவும் கசிவுதான். பொத்தான், எடிட் பாக்ஸுக்கு டபிள்யூஎம்_செட்ஃபான்ட்ல அனுப்புற ஃபான்ட்டும் உங்க பொறுப்பு. அந்தக் கன்ட்ரோல் அதை நீக்காது.

வேகன்

ரெஜிஸ்ட்ரியில் ஜிடிஐபிராசஸ்ஹேண்டில்கோட்டா என்று ஒன்று உண்டு. 65,536 வரை ஏற்றலாம். அதை மாற்றினால் போதாதா?

கைப்பிடி

போதாதுங்க. அதே கசிவு ஆறு மணி நேரம் கழிச்சு வரும், அவ்வளவுதான். ஒரு செஷன்ல (ஒரு பயனர் லாகின்ல) எல்லா நிரலுக்கும் சேர்த்தே 65,536 தான் இருக்கு. உங்க நிரல் தனியா அத்தனையையும் விழுங்கினா பக்கத்து நிரல்கள் வரைய முடியாம நிக்கும். கசிவு இல்லாத நிரலுக்கு 10,000 தாராளம்.

உருவடிவன்

மூன்றாவதுக்கு வருவோம்.

ஒரு வைடுகேரக்டர் (16 பிட் குறியீடு) ஓர் எழுத்து என்று எடுத்துக்கொண்டதுதான் பிரச்சினை. ‘கொ’ என்பது இரண்டு குறியீடுகள்: ‘க’ (பதின்மத்தில் 2965), ஒகரக் குறி (3018). அந்தக் குறியைத் தனியாக டெக்ஸ்ட்அவுட்டுக்குக் கொடுத்தால், ஒட்டிக்கொள்ள மெய் இல்லாததால் புள்ளி வட்டத்தைப் போட்டு அதற்கு இருபுறமும் கொம்பையும் காலையும் வைக்கும். முழுச் சொல்லாகக் கொடுத்தால் யூனிஸ்கிரைப் (குறியீடுகளை இணைத்து உருவாக்கும் விண்டோஸ் பகுதி) ஃபான்ட்டின் ஓபன்டைப் விதிகளைப் படித்து, கொம்பை முன்னுக்கும் காலைப் பின்னுக்கும் தள்ளும். ‘க்ஷ’ இன்னும் தெளிவான உதாரணம்: மூன்று குறியீடுகள், ஒரே உரு. தனித்தனி அகலங்களைக் கூட்டினால் வரும் எண்ணுக்கும் திரையில் இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

அதே ‘கொ’ சில கோப்புகளில் ‘க’, எகரக் குறி (3014), ஆகாரக் குறி (3006) என மூன்றாகவும் வரும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் சிக்காது. உள்ளே வாங்கும்போதே நார்மலைஸ்ஸ்ட்ரிங் கொண்டு சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு) மாற்றிவிடுங்கள்.

வரியை நிரப்ப எழுத்து எழுத்தாகப் போக வேண்டியதில்லை. தமிழில் உருமாற்றம் இடைவெளியைத் தாண்டாது, ஆகவே சொல் சொல்லாக வரையலாம்:

ஒவ்வொரு சொல்லையும் கெட்டெக்ஸ்ட்எக்ஸ்டென்ட்பாயின்ட்32 கொண்டு அளந்து கூட்டுங்கள். வரியின் அகலத்திலிருந்து அதைக் கழித்தால் வருவது இடைவெளிகளுக்கான மொத்தம். இடைவெளி எண்ணிக்கையால் வகுத்து, மீதியை ஒவ்வொன்றாக முதல் சில இடைவெளிகளுக்குக் கொடுங்கள். 6 இடைவெளிக்கு 47 புள்ளி என்றால் ஐந்துக்கு 8, கடைசி ஒன்றுக்கு 7. மீதியை அப்படியே விட்டால் வலது ஓரம் வரிக்கு வரி கோணலாகும்.

சொல்லுக்குள்ளேயே பிரித்தாக வேண்டுமென்றால் (நீண்ட சொல்லை அடுத்த வரிக்கு உடைப்பது, கர்சரை நகர்த்துவது) யூனிஸ்கிரைப்பின் ஸ்கிரிப்ட்பிரேக் தரும் எஃப்கேர்ஸ்டாப் உண்மையாக இருக்கும் இடங்களில் மட்டும் பிரியுங்கள். வேறெங்கு வெட்டினாலும் புள்ளி வட்டம் திரும்ப வரும்.

நிரல்வாசி

நன்றி. ஃபான்ட்டுகளைத் தொடக்கத்துக்கு நகர்த்தியதும் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் எண் அசையாமல் நிற்கிறது. பிரிண்ட் அளவும் சரி, சொற்களும் உடையவில்லை. இரண்டு பாக்கி. லேபிளில் இடமிருந்து 10 மில்லிமீட்டரில் தொடங்க வேண்டிய வரி 14-க்கு மேல் தொடங்குகிறது. இன்னொரு கணினியில் எழுத்தின் தோற்றமே வேறாக இருக்கிறது. இகர, ஈகாரக் குறிகளின் மேல்பகுதி வெட்டுப்படுகிறது.

டிசி_முகவர்

பிரிண்டர் டிசியில் (0, 0) என்பது தாளின் மூலை அல்ல, மை படக்கூடிய பகுதியின் மூலை. கெட்டிவைஸ்கேப்ஸிடம் பிசிக்கல்ஆஃப்செட்எக்ஸ், பிசிக்கல்ஆஃப்செட்ஒய் இரண்டையும் கேட்டுக் கழியுங்கள். 10 மிமீ என்பது 10 ÷ 25.4 × 600 = 236 புள்ளி. ஆஃப்செட் 100 என்று வந்தால் (அது 4.2 மிமீ, உங்கள் நகர்வோடு பொருந்துகிறது) 136-இல் வரையுங்கள். பிரிண்டர் மாடலுக்கு மாடல் இது மாறும். எண்ணைக் கோடில் எழுதி வைக்காதீர்கள்.

உருவடிவன்

தோற்றம் மாறுவது ஃபான்ட் மேப்பரின் வேலை. கேட்ட பெயர் கணினியில் இல்லாவிட்டால் கிரியேட்ஃபான்ட் பிழை எதுவும் சொல்லாது. கிடைப்பதில் நெருக்கமானதை எடுத்து அமைதியாகக் கொடுத்துவிடும். ஜிடிஐயில் எனக்குப் பிடிக்காத குணம் இது. செலக்ட்ஆப்ஜெக்ட் செய்த பின் கெட்டெக்ஸ்ட்ஃபேஸ் அழைத்தால் உண்மையில் எது வந்தது என்று தெரியும். கேட்டதும் வந்ததும் ஒன்றில்லை என்றால் லாக்கில் எழுதுங்கள்.

விண்டோஸ் 10-இல் ‘லதா’ கூடுதலாக நிறுவ வேண்டிய தமிழ் ஃபான்ட் தொகுப்புக்குப் போய்விட்டது. விண்டோஸ் 8 முதல் கூடவே வருவது ‘நிர்மலா யுஐ’. அதைக் கேளுங்கள். இல்லையேல், விநியோகிக்க உரிமம் இடம் தரும் தமிழ் ஃபான்ட் ஒன்றை நிரலோடு வைத்து, ஆட்ஃபான்ட்ரிசோர்ஸ்எக்ஸ் வழியாக எஃப்ஆர்_பிரைவேட் கொடியோடு ஏற்றுங்கள். அட்மின் அனுமதி வேண்டாம், மற்ற நிரல்களுக்குத் தெரியாது, நிரல் முடிந்ததும் தானே போய்விடும். கேட்க வேண்டிய பெயர் கோப்பின் பெயர் அல்ல, ஃபான்ட்டுக்குள் பதிந்த குடும்பப் பெயர். அது முடிவுக் குறி சேர்த்து 32 எழுத்துக்குள் அடங்க வேண்டும். கேர்செட்டுக்கு டிஃபால்ட்_கேர்செட் போதும்.

மேல்பகுதி வெட்டுப்படுவது இதன் தொடர்ச்சி. வந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லையென்றால் யூனிஸ்கிரைப் தமிழ் உருக்களை வேறு ஃபான்ட்டிலிருந்து இரவல் வாங்கும். ஆனால் கெட்டெக்ஸ்ட்மெட்ரிக்ஸ் சொல்லும் உயரம் முதல் ஃபான்ட்டினுடையது. அந்தக் கட்டத்துக்குள் வெட்டி வரைந்தால் இகரச் சுழி முறியும். தமிழுள்ள ஃபான்ட்டையே தேர்ந்தெடுத்து, டிஎம்ஹைட், டிஎம்எக்ஸ்டர்னல்லீடிங் இரண்டையும் கூட்டி வரி இடைவெளியாக வையுங்கள்.

வேகன்

இதே இழையில் ஒன்று கேட்கிறேன். 150% அளவில் வைத்த மானிட்டரில் என் நிரலின் எழுத்து மங்கலாக இருக்கிறது. லாக்பிக்சல்ஸ்ஒய் 96 என்றே சொல்கிறது.

டிசி_முகவர்

உங்கள் நிரல் டிபிஐ அறியாதது என்று விண்டோஸ் முடிவு செய்திருக்கிறது. அதனால் 96 என்று பொய் சொல்லி வரையவைத்து, வரைந்த படத்தை 1.5 மடங்கு இழுக்கிறது. மேனிஃபெஸ்ட்டில் (நிரலோடு போகும் அறிவிப்புக் கோப்பில்) ‘பெர்மானிட்டர்வி2’ அறிவியுங்கள். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து உண்டு. அதன் பிறகு திரைக்கு லாக்பிக்சல்ஸ்ஒய்யை நம்ப வேண்டாம், அது ஜன்னல் இருக்கும் மானிட்டரைச் சொல்லாது. கெட்டிபிஐஃபார்விண்டோ 144 தரும். 12 பாயின்ட்டுக்கு உயரம் −24.

ஜன்னலை வேறு மானிட்டருக்கு இழுத்தால் டபிள்யூஎம்_டிபிஐசேஞ்ச்டு வரும். எல்பேராமில் வரும் செவ்வகத்துக்கு ஜன்னலை நகர்த்தி, புது ஃபான்ட் உருவாக்கி, கன்ட்ரோல்களுக்கு அனுப்பிவிட்டுப் பழையதை நீக்குங்கள். இந்த வரிசை முக்கியம்: பழையதை முதலில் நீக்கினால் கன்ட்ரோல்கள் செத்த ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.