சளிப் பூஞ்சைக்கு வேறு பெயர் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

ஹற்றன் ஆசிரியை:
வணக்கம். வகுப்புக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தேயிலைக் கவ்வாத்து வெட்டிய மலையில் உக்கிக் கிடந்த குச்சியொன்றைப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். அதன் மேல் மஞ்சளாக ஏதோ படர்ந்திருந்தது. ஓட்ஸ் தூவி மூடி வைத்தோம். காலையில் பார்த்தால் ஓட்ஸைத் தேடிப் போய் மூடியிருக்கிறது, நரம்பு நரம்பாக, அப்படி ஓர் அழகு! ஆங்கிலத்தில் இதை slime mould என்பார்கள். பலகையில் 'சளிப் பூஞ்சை' என்று எழுதினேன். வகுப்பே மூக்கை உறிஞ்சிக் காட்டிச் சிரித்தது.

கண்டி:
சளி கிடக்கட்டும் டீச்சர், பூஞ்சைதான் பிழை. இது பங்கசு அல்ல, அமீபாவுக்குச் சொந்தம். அந்த மஞ்சள் வலை முழுவதும் ஒரே உயிர்க்கலம். கருக்கள் எண்ணிலடங்கா, இடையில் சுவரே இல்லை. உள்ளிருக்கும் கூழ் முன்னே ஓடும், அப்புறம் திரும்பிப் பின்னே ஓடும். அப்படியே ஊர்ந்து போகும். ஆகவே 'ஊர்கூழ்'. வினைத்தொகை, முக்காலமும் அடக்கம்.

பதுளை:
பிள்ளை இடையில் 'க்' என்று ஒற்றுப் போட்டுவிட்டால் 'ஊர்க்கூழ்', மாரியம்மன் கோயிலில் ஊற்றுவது! நான் சொல்வது 'வழும்புயிர்'. வழு, வழுக்கு, வழும்பு எல்லாம் ஒரே வேர். இலக்கணத்து வழுவமைதியில் வரும் வழுவும் அதுதான். பெயரும் பொருத்தம்: ஜெர்மன் தாவரவியலாளர் டி பாரியே வழுக்கி, இதற்குப் பங்கசு விலங்கு என்று பொருள்படும் பெயரை வைத்தார். புல்லும் மரமும் ஓரறிவு என்ற தொல்காப்பியர் "பிறவும் உளவே" என்று இடம் விட்டது இதற்காகத்தானோ?

கண்டி:
ஓரறிவா? 2010இல் ஜப்பானியர் டோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்களின் அமைப்பில் ஓட்ஸை வைத்துப் பைசாரம் என்ற இவ்வகை உயிரை விட்டார்கள். ஏறக்குறைய ஒரு நாளில் அங்குள்ள ரயில் பாதை போலவே வலை பின்னிவிட்டது. மூளை கிடையாது. நானுஓயாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் நம் பாதையையும் இதனிடம் ஒருமுறை காட்ட வேண்டும்.

நுவரெலியா, ஓய்வுபெற்றவன்:
மிக்சோமைசீற்று என்று அறிவியல் பெயரையே எழுதிவிட்டுப் போங்களேன். வழும்புயிர் என்று எழுதும் பிள்ளைக்குப் பரீட்சையில் யார் புள்ளி போடுவது? கவ்வாத்து மட்டும் சங்கத் தமிழா?

பதுளை:
மாஸ்டர், கவ்வாத்து நம் கையில் பழகிய சொல். மிக்சோமைசீற்று வாயிலேயே நுழையாது.

ஹற்றன் ஆசிரியை:
அச்சகத்தார் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். 'வழும்புப் பூஞ்சை' என்று கொடுத்துவிட்டேன். மீன் கழுவிய பிள்ளைக்கு வழும்பு தெரியும். மன்னியுங்கள் கண்டி அண்ணா, பூஞ்சை ஒட்டிக்கொண்டது.

கண்டி:
அது பூஞ்சை அல்ல. அடிக்குறிப்பிலாவது 'ஊர்கூழ்' போட இடமிருக்கிறதா? ஒற்று இல்லாமல்.