பூஹோல்ஸைக் கார்டினல்ஸ் போகவிட்டது சரிதானா?

மிசிசிப்பிக்கரை:

வேலை மாற்றலாகி செயின்ட் லூயிஸுக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. வந்த புதிதில் பேஸ்பால் என்றாலே கொட்டாவிதான், இப்போது நானே ரேடியோவைப் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன். விஷயம் என்னவென்றால், எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் 2011-ல் நடந்த ஒன்றுக்காக இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் முட்டிக்கொள்கிறார்கள், போன வாரம் வாயைக் கொடுத்து நானும் மாட்டிக்கொண்டேன்.

ஆல்பர்ட் பூஹோல்ஸ். 2001-லிருந்து 11 சீசன் எங்கள் ஊர் அணியான கார்டினல்ஸுக்கு ஆடினார், 445 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது), மட்டைச் சராசரி .328, மூன்று எம்விபி (லீகின் சிறந்த ஆட்டக்காரர்) விருது. 2011 உலகத் தொடரின் (இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டத்தில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸை அவர்கள் ஊரிலேயே வைத்து மூன்று ஹோம் ரன் அடித்தார். அந்தக் கோப்பையை ஜெயித்தது அக்டோபர் 28. டிசம்பர் 8-ஆம் தேதி செய்தி வருகிறது, அனஹைமில் ஆடும் ஏஞ்சல்ஸ் அணியோடு 10 வருடம், 24 கோடி டாலர். ஊரில் போட்ட தோரணத்தைக்கூட அவிழ்த்திருக்க மாட்டார்கள்.

கார்டினல்ஸ் நிர்வாகத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவருக்கு அப்போது 31, ஜனவரி வந்தால் 32. வயசு ஏறுகிறது, சரி. ஆனால் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுப்பது) 13-ஆவது சுற்றில் எடுத்த பையன், 7 வருடத்துக்கு 10 கோடி, அப்புறம் 2011-க்கு 1.6 கோடி என்று ஆடி முடித்தவர், அவர் அடித்த அடிக்கு அது சல்லிசு விலை. அந்தப் பாக்கியைத்தான் அவர் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு வேண்டுகோள், பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்துக்கொண்டு யாரும் ஞானி ஆக வேண்டாம். 2011 டிசம்பரில் நின்று சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை:

டிசம்பரில் நின்றே சொல்கிறேன். 10 வருடம் என்றால் மாட்டேன். 5 வருடம் என்றால் உடனே கையெழுத்து, 6 என்றால் ஒரு ராத்திரி தூக்கம் போகும், அதற்கு மேல் கிடையாது.

பின்னால் நடந்ததைப் பார்க்கவே வேண்டாம், முன்னால் நடந்ததே போதும். 2008-ல் அவர் சராசரி .357, 2009-ல் .327, 2010-ல் .312, 2011-ல் .299. பேஸுக்குப் போகும் விகிதத்தைப் பார்த்தால் இன்னும் மோசம், அதே நான்கு வருடத்தில் .462, .443, .414, .366. ஒரு வருடம் சறுக்கினால் காயம் என்று சொல்லலாம், மூன்று தடவை வரிசையாக இறங்கினால் அது மாடிப்படி. .366 என்பது வேறு யாருக்காவது வந்தால் வீட்டில் பாயசம் வைப்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் நாம் வாங்கப் போவது 31 வயது பூஹோல்ஸை இல்லை, 36, 38, 41 வயது பூஹோல்ஸை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு கார்டினல்ஸ் ஆடும் நேஷனல் லீகில் டெசிக்னேட்டட் ஹிட்டர் (பந்து வீசும் பிட்சருக்குப் பதிலாக மட்டை மட்டும் பிடிக்கும் ஆள்) கிடையாது, பிட்சரே மட்டை பிடிக்க வேண்டும், வயசான ஆளை மட்டைக்கு மட்டும் அனுப்பிவிட்டு மற்ற நேரம் பெஞ்சில் உட்காரவைக்க வழி இல்லை. அவர் தினமும் முதல் பேஸில் நின்றாக வேண்டும். ஏஞ்சல்ஸ் அமெரிக்கன் லீக், அவர்களுக்கு அந்த வசதி இருந்தது. அதாவது அதே ஆள், அதே 10 வருடம், ஆனால் செயின்ட் லூயிஸில் அவருடைய பின்பாதியின் மதிப்பு அனஹைமைவிடக் குறைவு. அப்புறம் கார்டினல்ஸின் மொத்தச் சம்பளப் பட்டியலே அப்போது 11 கோடியை ஒட்டித்தான், அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒருவருக்கே போனால் கேட்சர் யாடியர் மோலினாவை எப்படிப் பிடித்து வைப்பது? அடுத்த வசந்தத்தில் மோலினாவுக்கு 5 வருடம் 7.5 கோடி கொடுத்தார்கள் (சரி, இது டிசம்பருக்கு அப்புறம்தான், மன்னிக்கவும்).

பாக்கி என்று சொன்னீர்கள். அது நியாயமான வருத்தம்தான், ஆனால் அந்தப் பாக்கி அவருடைய வரவில் இருக்கலாம், அதை அடைத்தால் 2019-ல் ஒரு ஹோம் ரன்கூட கூடுதலாக வராது.


அனஹைம் பெஞ்ச்:

நான் அந்தப் பக்கத்து ஆள். அந்த டிசம்பரில் தெருவில் துள்ளிக் குதித்தவன், ஆகவே ஞானம் எதுவும் எனக்கு முன்கூட்டியே வந்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டது என்பதைப் பாருங்கள். 2012-ல் 1.2 கோடி, 2013-ல் 1.6, 2014-ல் 2.3, அதன்பின் வருடத்துக்கு 10 லட்சம் ஏறிக்கொண்டே போய் 2021-ல் 3 கோடி. மட்டை இறங்க இறங்கச் சம்பளம் ஏறும் படிக்கு எழுதியிருக்கிறார்கள், முதல் இரண்டு வருடம் மலிவாக இருந்ததால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு முதலாளி ஆர்ட் மொரேனோ அடுத்த வருடமே ஜோஷ் ஹாமில்டனுக்கு 12.5 கோடி கொடுத்தார், அது இதைவிடப் பெரிய கதை, இங்கே எழுதினால் இரத்தக் கொதிப்பு வரும்.

முதல் மாதம் நினைவிருக்கிறது. ஏப்ரல் 2012 முழுக்க ஒரு ஹோம் ரன் இல்லை, மே 6-ஆம் தேதிதான் முதலாவது. சீசன் முடிவில் 30 வந்துவிட்டது, 105 ரன்களை அடித்துக் கொண்டுவந்தார், அப்பாடா என்றோம். 2013-ல் பாதத்தில் தசைநார் கோளாறு, 99 ஆட்டத்தோடு சரி. குதிகாலைத் தரையில் வைக்கவே பயந்து பயந்து ஓடும் ஒருவரை முதல் பேஸில் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2017 இன்னொரு விசித்திரம், 101 ரன்களை உள்ளே கொண்டுவந்தார், பத்திரிகையில் அது அழகாகத் தெரியும், ஆனால் முன்னால் மைக் ட்ரவுட் மாதிரி ஆள் எப்போதும் பேஸில் நின்றால் யாருக்கும் வரும். அந்த வருடம் சராசரி .241, WAR என்ற மொத்த மதிப்புக் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டார், அதாவது சிற்றணியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தால் அணிக்கு நல்லது.

அந்தப் பத்து வருடத்தில் ஏஞ்சல்ஸ் பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) போனது ஒரே ஒரு தடவை, 2014. கான்சஸ் சிட்டி 3-0 என்று அனுப்பிவைத்தது. 2021 மே மாதம், ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கும்போது, இனி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மொத்தம் 222 ஹோம் ரன். 500-ஆவது, 600-ஆவது ஹோம் ரன், 3000-ஆவது ஹிட் எல்லாம் எங்கள் சட்டையில்தான். கை தட்டினோம், ஆனால் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மொய் வைத்த மாதிரித்தான் இருந்தது.


இடதுகை:

2015-ல் 40 ஹோம் ரன் அடித்தாரே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? 35 வயதில்.


கணக்குப்பிள்ளை:

சொல்லலாம். அந்த வருடச் சராசரி .244. பந்து பட்டால் வேலிக்கு வெளியே, படாவிட்டால் பெஞ்சுக்கு. ஆனாலும் நல்ல வருடம்தான், ஒப்புக்கொள்கிறேன். பத்தில் அந்த மாதிரி மூன்று இருந்தன.


ஆரஞ்சுக் குருவி:

நான் பால்டிமோர் பக்கம், ஓரியோல்ஸ். இந்தத் திரியைப் படித்தால் 31 தாண்டிய யாருக்கும் பணம் கொடுக்கவே கூடாது என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள் போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நெல்சன் குரூஸ். 2014-ல் எங்களுக்காக 40 ஹோம் ரன், லீகிலேயே முதலிடம், அணி 96 ஆட்டம் ஜெயித்தது. சீசன் முடிந்ததும் அவருக்கு வயது 34. நான்கு வருடம் கேட்டார், எங்கள் ஆட்கள் நான்காவது வருடத்துக்கு யோசித்தார்கள், வயசைக் காட்டினார்கள். சியாட்டில் 4 வருடம் 5.7 கோடி என்று எடுத்துக்கொண்டு போனது. அங்கே அவர் அடித்தது 44, 43, 39, 37. அந்தக் கடைசி 37-தான் நாங்கள் பயந்த நான்காவது வருடம், வயது 38! நாங்கள் 2015-ல் 81 ஆட்டத்துக்கு இறங்கினோம். எல்லாம் அவர் போனதால் இல்லை, நிக் மார்க்கேக்கிஸும் போனார், ஆனால் வலிக்கிறதா இல்லையா.

டேவிட் ஓர்ட்டிஸும் அப்படித்தான். 2012 முடிவில் பாஸ்டன் அவருக்கு 2 வருடம், 2.6 கோடி கொடுத்தது, வயது 37 ஆகப் போகிறது. 2013 உலகத் தொடரில் 16 தடவை மட்டை பிடித்து 11 ஹிட், சராசரி .688. எதிரணி யார் தெரியுமா, உங்கள் கார்டினல்ஸ்தான். 40 வயதில் 38 ஹோம் ரன் அடித்துவிட்டு ஓய்வு பெற்றார்.

ஆகவே வயசு மட்டும் பிரச்சினை இல்லை. இந்த இரண்டு பேருக்கும் கொடுத்தது 2 வருடம், 4 வருடம். சறுக்கினால் வலிக்கும், ஆனால் எழுந்துவிடலாம். பிலடெல்பியா ரயன் ஹோவர்டுக்கு என்ன செய்தது? பழைய ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே, 2010 ஏப்ரலிலேயே, 5 வருடம் 12.5 கோடி. அது தொடங்குவதற்கு முன்பே 2011 பிளேஆஃபின் கடைசி அவுட்டில் ஓடும்போது குதிகால் தசைநாண் அறுந்தது. அதுவும் கார்டினல்ஸிடம் 1-0 என்று தோற்ற ஆட்டத்தில். உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாக் கதையிலும் வந்துவிடுகிறீர்கள்.


பழைய டிக்கெட்:

செயின்ட் லூயிஸில் 1998-லிருந்து இருக்கிறேன், கேட்டவருக்கும் இதே ஊர்தான். இத்தனை பேர் எழுதியும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள் தம்பிகளா.

கார்டினல்ஸ் அவரைப் "போகவிடவில்லை". கடைசியாக அவர்கள் நீட்டியதும் 10 வருடம்தான், 21 கோடி, அதில் 3 கோடியைப் பிற்பாடு தருவதாக. எங்கள் நிர்வாகம் கெட்டிக்காரத்தனமாக வயசைக் கணக்குப் போட்டு விலகிக்கொண்டது என்று இன்றைக்கு எல்லோரும் எழுதுகிறார்கள், அதெல்லாம் பிறகு பூசிய சுண்ணாம்பு. அவர் சரி என்று சொல்லியிருந்தால் 2021 வரை அவர் இங்கேதான், டெசிக்னேட்டட் ஹிட்டர் இல்லாத லீகில், அந்தக் குதிகாலோடு. மொரேனோ 3 கோடி கூடப் போட்டு எங்களைக் காப்பாற்றினார். முன்னால் 5 வருடம் 13 கோடி என்று ஒரு பேச்சு நடந்திருக்கிறது, வாழ்நாள் முழுக்க இங்கே இரு என்று சொல்லிவிட்டு 5 வருடம் நீட்டினால் எப்படி என்று அவர் மனைவி பிறகு வானொலியில் வருத்தப்பட்டார். எனக்குக் கேட்டால் அந்த 5 வருடம்தான் நேர்மையான விலை, அதைச் சொன்ன விதம்தான் கெட்டது.

அவர் போனதால் கிடைத்தது எல்லாம் வரிசையாக எங்கள் கண் முன்னால் நடந்தது. ஏஞ்சல்ஸின் முதல் சுற்று டிராஃப்ட் இடம் ஈடாக எங்களுக்கு வந்தது, 19-ஆவது ஆளாக மைக்கேல் வாக்கா என்ற பிட்சரை எடுத்தோம். அந்தப் பையன் 2013-ல் டாட்ஜர்ஸின் நட்சத்திர பிட்சர் கெர்ஷாவை இரண்டு தடவை தோற்கடித்து நேஷனல் லீக் இறுதித் தொடரின் எம்விபி ஆனான். கார்லோஸ் பெல்ட்ரானை 2 வருடம் 2.6 கோடிக்கு எடுத்தோம், முதல் வருடமே 32 ஹோம் ரன். 2012-லிருந்து 2015 வரை ஒவ்வொரு வருடமும் பிளேஆஃப்.

ஆனாலும் கோபம் இருந்தது. நானே அவர் பெயர் போட்ட சட்டையை அலமாரியின் அடியில் திணித்தேன். அது எப்போது போனது என்றால், 2019 ஜூனில் ஏஞ்சல்ஸ் சட்டையோடு புஷ் ஸ்டேடியத்துக்கு வந்தார், எட்டு வருடத்தில் முதல் தடவை. மட்டை பிடிக்க வந்த ஒவ்வொரு தடவையும் அரங்கம் எழுந்து நின்றது. இரண்டாவது நாள் ஹோம் ரன் அடித்தார், எதிரணி ஆளை எங்கள் ஊரே மறுபடி வெளியே வரச் சொல்லிக் கை தட்டியது, தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் இருந்த கிழவர் அழுதார், நான் கண்ணில் தூசி என்றேன்.

2022-ல் திரும்பி வந்தார், ஒரு வருடம், 25 லட்சம் டாலர். அந்த வருடம்தான் நேஷனல் லீகிலும் டெசிக்னேட்டட் ஹிட்டர் நிரந்தரமாக வந்தது. இடதுகை பிட்சர்கள் வந்தால் முக்கியமாக அவரை இறக்கினார்கள். 24 ஹோம் ரன், 700-ஐத் தாண்டி 703-ல் நின்றார். எங்களுக்காக அடித்தது மொத்தம் 469, ஸ்டான் மியூசியலின் 475-ஐத் தொட ஆறுதான் பாக்கி. 10 வருடம் வைத்திருந்தால் அந்தச் சாதனை எப்போதோ உடைந்திருக்கும். எனக்கு அது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

பாக்கி என்று கேட்டீர்களே, இந்த ஊரில்தான் கார்டினல்ஸ் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட் இருந்தார். 1969-ல் தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு அனுப்பியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல் தோற்றார். அவர் மாதிரி ஆட்கள் மோதியதால்தான் பின்னால் வந்தவர்களுக்கு ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை) வாசல் திறந்தது. பூஹோல்ஸ் அந்த வாசல் வழியாகப் போனார். அவர் மேல் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.


மிசிசிப்பிக்கரை:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக பழைய டிக்கெட் ஐயாவுக்கு. 10 வருடம் 21 கோடி நீட்டினார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது, நான் ஏதோ வாசலில் நின்று டாட்டா காட்டினார்கள் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். 5 வருடம்தான் சரியான விலை என்பதில் எனக்கு இப்போது பாதி சம்மதம். மீதிப் பாதி அந்த 475.

இன்று மதியம் இதை அந்த இரண்டு பேரிடமும் கொண்டுபோனேன். ஒருவர் 21 கோடியை நம்பவே இல்லை, மொபைலை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் பேசவில்லை. இன்னொருவர், வாக்கா பெயரை என் முன்னால் எடுக்காதே, 2014-ல் சான் பிரான்சிஸ்கோவில் இஷிகாவாவுக்கு அவன் போட்ட பந்து வேலியைத் தாண்டி நம் சீசனை முடித்ததை நான் இன்னும் மறக்கவில்லை என்று ஆரம்பித்தார். நாளைக்கு வேறு மேசையில் உட்காரப் போகிறேன்.