தம்பிக்கு ஒரு பழைய லேப்டாப், பேச ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும்

வணக்கம் உறவுகளே. அப்பா இறந்து வருகிற தையோடு இரண்டு வருடம். அம்மா வாசலில் இட்லிக் கடை போட்டுத்தான் எங்களைக் கரையேற்றுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்கத் தம்பி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சட்னிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்தே கணக்குப் போட்டான். அந்த நோட்டில் இன்னும் மாவுக் கறை இருக்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சீட் கிடைத்துவிட்டது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். அதனால் பணம் கேட்டு இதை எழுதவில்லை.

அவன் தமிழ் வழியில் படித்தவன். வகுப்பில் பாடம் முழுக்க ஆங்கிலத்தில் ஓடுகிறது. போன வாரம் போனில், "அக்கா, நான் கடைக்கே வந்துடவா?" என்றான். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

தமிழ் வழியில் படித்துப் பொறியியல் முடித்தவர்கள் யாராவது வாரம் ஒரு முறை அவனோடு பேச முடியுமா? முதல் செமஸ்டரை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொன்னாலே அவனுக்குத் தெம்பு வரும். அப்புறம், ஓடுகிற நிலையில் பழைய லேப்டாப் இருந்தாலும் சொல்லுங்கள். விலையைத் தவணையாகக் கொடுத்துவிடுவோம். வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறான், அதற்குள் ஒருவராவது கிடைத்தால் நல்லது.