வீட்டுப் போக்கரில் நீங்களே உண்டாக்கிப் பெயர் வைத்த ஆட்டம்: மறக்க முடியாத ஒரு கை

மூலை நாற்காலி:
ராணிக்கு அடுத்துத் திறந்து விழும் சீட்டு ஜோக்கராகும் ஏழு சீட்டு ஆட்டம் தெரியும்தானே? எங்கள் நண்பன் அதில் ஒரு விதி சேர்த்தான்: கறுப்பு ஜாக் திறந்து விழுந்தால் ஜோக்கர் செல்லாது. பெயர் ‘வழிப்பறி’. அந்தக் கையில் ஐந்தாம் எண் சீட்டுகள் எல்லாம் ஜோக்கர், எந்தச் சீட்டாகவும் கொள்ளலாம். என்னிடம் இரண்டு ராஜா, இரண்டு ஐந்து. அதாவது நான்கு ராஜா. கடைசித் திறந்த சீட்டை அவன் பாதி திருப்பும்போதே இஸ்பேட் ஜாக்கின் தொப்பி தெரிந்தது. நான்கு ராஜா அந்த நொடியே வெறும் இரண்டு ஜோடி! இரண்டு ஜோடியை வெல்லும் மூன்று ஏழு வைத்திருந்தவர் சில்லுகளை அள்ளிக்கொண்டார்.

என்னை இன்னும் உறுத்துவது தோல்வி அல்ல. அடுத்த முறை கூடியபோது வேறொருவர் சிவப்பு ஜாக்கையும் சேர்த்து, பெயரையும் மாற்றிவிட்டார். உண்டாக்கியவன் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் சீட்டுப் போட்டு ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை தனக்கு வந்தால், எல்லோரும் ஆடும் சாதாரண ஹோல்டெம் போக்கர்தான் போடுகிறான். அவன் வைத்த பெயரை மாற்ற இவர் யார்?

கணக்குப்பிள்ளை:
இதில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்துப் பேர் ஆடத் தொடங்கிவிட்டால் ஆட்டம் பொதுச்சொத்து. பெயரைவிட, எந்தக் கை எதை வெல்லும் என்ற வரிசையை முதலில் கவனியுங்கள். ஜோக்கரும் ஒரு ஜோடியும் கொண்டு, அதாவது ‘மூன்று ஒத்தவை’ காட்டி, நான் ஒரு பெரிய பந்தயத்தை வென்றபோது, இரண்டு ஜோடி வைத்திருந்த நண்பர் சீட்டை மேசையில் அறைந்து, “இது எப்படி நியாயம்?” என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரு ஜோக்கர் சேர்த்த 53 சீட்டில், ஐந்து சீட்டுக் கைகளில் ‘மூன்று ஒத்தவை’ 1,37,280 வகையில் அமையும். ‘இரண்டு ஜோடி’ 1,23,552 வகையில்தான் அமையும். அரிதான கைதானே வெல்ல வேண்டும்? இங்கே அது தோற்கிறது! சரி, இரண்டு ஜோடியை மேலே வைத்து வரிசையைத் திருப்பிவிடலாம் என்றால், ஜோக்கரோடு ஜோடி வைத்திருப்பவர் எல்லோரும் அதை இரண்டு ஜோடியாகவே காட்டுவார்கள். அது 2,05,920 ஆகி, மலிவான கையே மறுபடி வெல்லும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சுவர். ஆகவே புது ஆட்டம் தொடங்குமுன் கைகளின் வரிசையைத் தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். ஜோக்கர் ஒன்றுக்கு மேல் வேண்டாம். சந்தேகம் வந்தால் யார் தீர்ப்பு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

எட்டாம் ஆள்:
வரிசை கிடக்கட்டும், முதலில் சீட்டு போதுமா என்று பாருங்கள். ஆளுக்கு ஏழு சீட்டு, பக்கத்தவருக்கு மூன்று, இரண்டு, ஒன்று எனத் தள்ளும் ஆட்டத்தை எட்டுப் பேருக்கு நீட்டி ‘எட்டுத்திசை’ என்று பெயரும் சூட்டினோம். ஏழாவது சுற்றில் நான்கு பேர் நீட்டிய கை நீட்டியபடி இருக்க, கட்டு தீர்ந்துவிட்டது. 56 சீட்டுக்கு எங்கே போவது? இப்போது ஆளுக்கு ஆறுதான். பெயரை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மூலை நாற்காலி:
கணக்குப்பிள்ளை அவர்களே, உங்கள் கணக்கே என் நண்பன் பக்கம்தான் பேசுகிறது. கட்டில் கறுப்பு ஜாக் இரண்டே இரண்டு. அது விழுமா விழாதா என்று நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் வழிப்பறி. நான்கு ஜாக்கும் பறிக்கலாம் என்றால் ஜோக்கரை நம்பி யார் பந்தயம் ஏற்றுவார்கள்? அதை வேறு பெயரில் ஆடட்டும், எனக்கு வருத்தமில்லை. இரண்டு ஜாக் ஆட்டம் அவன் வைத்த பெயரிலேயே இருக்க வேண்டும். அடுத்த முறை சீட்டு என் கைக்கு வரும்போது ‘வழிப்பறி’ என்று சொல்லித்தான் போடப்போகிறேன்.