பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் பாறை வெடி: வீடு 60 மீட்டரில் இருக்கிறது, என்னென்ன பார்க்கணும்?

கேள்வி (மேட்டுக்காடு)

நாமக்கல் பக்கம். பக்கத்துத் தோட்டத்தில் 45 அடிக் கிணற்றை இன்னும் 15 அடி இறக்கப் போகிறார்கள். அடியில் முழுக்கக் கரும்பாறை. கம்ப்ரசர் டிராக்டர் வந்து நிற்கிறது. எங்கள் ஓட்டு வீடு 60 மீட்டரில், மாட்டுக்கொட்டகை அதைவிடக் கிட்டத்தில். தோட்டக்காரர் எங்கள் பங்காளி, சண்டை போட விருப்பமில்லை. விதி என்ன என்று தெரிந்துகொண்டு பேச நினைக்கிறேன். 300 மீட்டர் என்கிறார் ஒருவர், 500 என்கிறார் இன்னொருவர். எது சரி? இன்னொன்று: இதே கிணற்றில் ஆறு வருசம் முன்பும் வெடி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இறைத்த பிறகு அடியில் பழைய குழிகளின் மிச்சம் தெரிகிறது. அதனால் ஏதும் தொந்தரவு உண்டா?

பதில் 1 (கல்மேடு)

இரண்டு எண்ணும் நிஜம்தான், ஆனால் இரண்டுமே கிணற்றுக்கானவை அல்ல. 300 மீட்டர் என்பது குடியிருப்பிலிருந்து கல்குவாரிக் குத்தகை எவ்வளவு தள்ளி இருக்கணும் என்பது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இல் 36-வது விதி. 500 மீட்டர் என்பது 2017-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறையில் வெடி நேரத்து ஆபத்து வளையம். பாசனக் கிணறு சுரங்கச் சட்டத்துக்குள் வராது. அதனால் கிணறு என்றால் எதுவும் கேட்க முடியாது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் தப்பு. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் வெடிபொருள் விதிகள் 2008-உம் கிணற்றுக்கும் சேர்த்துத்தான்.

பங்காளியிடம் கேட்க வேண்டியவை: மருந்து எந்த உரிமம் பெற்ற கிடங்கிலிருந்து வருகிறது? வெடி வைக்கிறவர் கையில் ஷாட்ஃபயரர் அனுமதிச் சீட்டு இருக்கிறதா, அது இன்னும் செல்லுமா? கிடங்கு உரிமம் வைத்திருப்பவரே வெடி வைத்துவிட முடியாது, இவை தனித்தனிக் காகிதங்கள். தோட்டாவும் (மருந்துக் குச்சி) கேப்பும் (அதைத் தூண்டி வெடிக்கவைக்கிற டெட்டனேட்டர்) ஒரே பெட்டியில், பைக்கில், பஸ்ஸில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மிச்ச மருந்து அன்றைக்கே கிடங்குக்குத் திரும்பணும். மோட்டார் ரூமில் இரவு வைக்கக் கூடாது. 18 வயசுக்குக் கீழ் யாரும் மருந்தைத் தொடக் கூடாது.

முக்கியமாக ஒன்று. டிராக்டர் பேட்டரியில் ஒயரைத் தொட்டு வெடிக்கிற பழக்கம் நம் பக்கம் ரொம்ப நாளாக உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் மின்சார டெட்டனேட்டர் தடைசெய்யப்பட்டுவிட்டது. இப்போது நோனெல் குழாயோ (மின்சாரம் இல்லாமல், உள்ளே ஓடும் அதிர்வலையால் கேப்பைத் தூண்டுகிற பிளாஸ்டிக் குழாய்) எலக்ட்ரானிக் டெட்டனேட்டரோதான். பேட்டரியில் தொட்டு வெடிக்கிற பழைய மின்சாரக் கேப்பு கண்ணில் பட்டால், அந்த ஆள் மருந்தும் முறையாக வாங்கியதாக இருக்காது.

பதில் 2 (துளைக்கம்பி)

நீங்கள் கடைசியில் சாதாரணமாகக் கேட்டிருப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. பழைய குழியின் அடி மிச்சத்தை நாங்கள் சாக்கெட் என்போம். போன முறை மருந்து முழுக்க எரியாமல் குழி அடியில் ஒரு துண்டுத் தோட்டா, சிலநேரம் கேப்போடு, தங்கியிருக்கலாம். ஆறு வருசம் தண்ணீரில் கிடந்ததால் செத்திருக்கும் என்று நம்பவே கூடாது. மருந்து கரைந்து போனாலும் கேப்பின் அலுமினியக் கூட்டுக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

ஜாக்ஹேமர் (பாறை துளைக்கிற கருவி) பிடிக்கிறவருக்குப் பழைய குழி சுகமான இடம். பிட் வழுக்காமல் உட்காரும், பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். அதனால்தான் விபத்து அங்கேயே நடக்கிறது. சாக்கெட்டில் துளை போடவே கூடாது. துளைக்கும் முன் செய்ய வேண்டியது: அடியிலுள்ள சேறு, சில்லு முழுக்க அள்ளி, பாறையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவணும். கழுவின பாறையில் சாக்கெட் வட்டமாகப் பளிச்சென்று தெரியும், சுற்றிலும் நட்சத்திர விரிசல் ஓடியிருக்கும். ஒவ்வொன்றிலும் மரக்குச்சி செருகி, சுற்றிச் சுண்ணாம்பு அடிக்கணும். புதுக்குழி அதிலிருந்து குறைந்தது ஒரு அடி தள்ளி, பழைய குழி சாய்ந்திருக்கிற பக்கமே சாய்ந்து போகணும். எதிர்ச்சாய்வில் போனால் மேலே ஒரு அடி விட்டிருந்தாலும் கீழே போய் முட்டும். கம்பியை விட்டுக் குத்திப் பார்க்கிற வேலை எந்தக் குழியிலும் ஆகாது. சந்தேகமான குழி இருந்தால் அதைக் கையாள்வது ஷாட்ஃபயரர் மட்டும்.

இந்த முறையும் வெடித்த பிறகு அவர் குழிக்கணக்கு எடுத்துச் சொல்லணும். இத்தனை குழி போட்டது, இத்தனை வெடித்தது என்று. நோனெல்லில் எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கும், காதால் எண்ண முடியாது. இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்று குறைந்தால் 30 நிமிசமாவது யாரும் கிட்டப் போகக் கூடாது.

பதில் 3 (அதிர்வுமானி)

வீட்டைப் பற்றி. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997-ஆம் ஆண்டு 7-ஆம் எண் சுற்றறிக்கைதான், வெடியால் நிலம் எவ்வளவு வேகம் வரை அதிரலாம் என்பதற்கு நாட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்கிற அளவு. அடுத்தவர் வீட்டுக்கு: அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் நொடிக்கு 5 மி.மீ, 8 முதல் 25 வரை 10 மி.மீ, அதற்கு மேல் 15 மி.மீ. கரும்பாறையில் கிட்டத்தில் வருவது பெரும்பாலும் உயர் அதிர்வெண். 1 மி.மீ அதிர்வையே உடம்பு உணர்ந்துவிடும், பாத்திரம் குலுங்கும். அதனால் குலுங்கியதெல்லாம் சேதம் ஆகாது.

மொத்த மருந்தை விட, ஒரே கணத்தில் எவ்வளவு வெடிக்கிறது என்பதுதான் கணக்கு. தூரத்தை, ஒரு டிலேயில் (குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க விடுகிற மில்லிநொடி இடைவெளி) வெடிக்கும் கிலோவின் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். 12 குழியில் அரைக் கிலோ வீதம் 6 கிலோ ஒரே நேரத்தில் வெடித்தால், உங்கள் 60 மீட்டருக்கு விடை 24 அல்லது 25. குழிக்கு ஒரு டிலே கொடுத்தால் அதே 6 கிலோவுக்கு விடை 85 வரும். எண் பெரிதானால் அதிர்வு குறைவு. ஆகவே பங்காளியிடம் மருந்தைக் குறை என்று சொல்வதை விட, குழிக்குக் குழி டிலே போடச் சொல்லுங்கள். அவருக்கும் கல் நன்றாக உடையும்.

இன்றைக்கே வீட்டைச் சுற்றி எல்லா விரிசலையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பெரிய விரிசலின் குறுக்கே ஜிப்சம் பட்டி ஒன்று பூசித் தேதி எழுதுங்கள். பட்டி உடைந்தால் விரிசல் நகர்ந்திருக்கிறது, உடையாவிட்டால் அது பழசு. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் பின்னால் பேச்சு வராது.

பதில் 4 (கல்மேடு)

கல் பறப்பதைச் சொல்ல விட்டுப்போச்சு. 45 அடி ஆழத்தில் கல் துப்பாக்கிக் குழாயில் போவது மாதிரி நேர் மேலே கிளம்பி வெளியே விழும். ஓட்டு வீட்டுக்கு அதுதான் பயம். குழி வாயை வெறும் துளைத்தூளால் மூடினால் பீறிடும். ஈரக் களிமண்ணும் சில்லும் கலந்து மரக்கம்பியால் கெட்டிக்கணும். அதன் மேல் இரும்பு வலை, வலை மேல் மணல் மூட்டை. நோனெல் குழாய் நசுங்காமல் பார்த்து வைக்கணும். மாடுகளை அவிழ்த்துத் தள்ளிக் கட்டுங்கள், பாதைக்கு இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள். வேலை பகலில் மட்டும். இடி கேட்டால், மருந்து ஏற்றிய குழி இருந்தாலும் எல்லோரும் விலகிடணும். இடிமின்னலுக்கு நோனெல்லும் விலக்கல்ல.

மேட்டுக்காடு

ரொம்ப நன்றிங்க. புகை அடங்கினதும் இறங்கலாமா? மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்போம் என்கிறார்கள்.

பதில் 5 (துளைக்கம்பி)

மெழுகுவர்த்தி ஆக்சிஜன் குறைவை மட்டும் காட்டும். கார்பன் மோனாக்சைடில் அது நன்றாகவே எரியும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பழுப்பு நிறப் புகை வந்தால் அது நைட்ரஜன் டை ஆக்சைடு, காற்றை விடக் கனம், அடியிலேயே படுத்திருக்கும். கம்ப்ரசர் ஹோஸை அடிவரை இறக்கி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊதுங்கள். கம்ப்ரசர் காற்றை இழுக்கிற பக்கம் எஞ்சின் புகை போகாமல் வண்டியைத் திருப்பி நிறுத்தணும். உடைகல் மேல் தண்ணீர் தெளித்தால் பழுப்புப் புகை அடங்கும், மோனாக்சைடு அடங்காது. கையில் வாயுமானி இருந்தால் இறக்கிப் பாருங்கள். முதல் ஆள் இடுப்பில் அல்ல, தோள்பட்டையோடு சேர்த்துப் பெல்ட் கட்டி, மேலே இரண்டு பேர் கயிறு பிடிக்க இறங்கணும். அவர் தள்ளாடினால் கயிற்றால் இழுங்கள், இன்னொருவர் இறங்காதீர்கள். பழுப்புப் புகை சுவாசித்தவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.