தொண்டையில் கசந்த காது மருந்து

காரைக்குடிப் பேத்தி:

போன ஆடியில் நடந்தது. ராத்திரி பாய் விரிக்கும் நேரத்தில் அப்பத்தா இடது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பஞ்சு வைத்தால் லேசாக நனைந்தது. வளவில் ஆளுக்கொரு வைத்தியம். பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயோடு அயித்தை வந்து நின்றார்கள். "எங்களுக்கெல்லாம் இதான் விட்டாக." நான் படித்தவள் அல்லவா, தடுத்துவிட்டு, அலமாரியிலிருந்த சொட்டு மருந்தை எடுத்து வந்தேன். சித்தப்பாவுக்குப் போன வருடம் வாங்கியது, பாதி மிச்சம். காலாவதிக்கு இன்னும் 4 மாதம் இருந்தது. அது மூடி திறக்காத பாட்டிலுக்கான தேதி, திறந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு மாதம்தான் கணக்கு என்பது அப்போது தெரியாது.

3 சொட்டு விட்டிருப்பேன். "ஆத்தா, தொண்டைக்குள்ள கசக்குதே" என்றார்கள். வலியில் ஏதோ சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் இந்தக் கசப்பைச் சொன்னதுமே அவர் நிமிர்ந்து பார்த்தார். காது ஜவ்வில் ஓட்டை இருந்தால்தான் மருந்து நடுக்காதுக்குள் இறங்கி, அங்கிருந்து தொண்டைக்கு வருமாம். விளக்கடித்துப் பார்த்தார், ஓட்டை இருந்தது. சின்ன வயதில் சீழ் வடிந்த காது என்று அப்பத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார்கள்! பாட்டிலில் இருந்தது ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக். ஜவ்வு முழுசாக இருக்கிற காதுக்குச் சரி. ஓட்டை வழியாக உட்காதுவரை போனால் கேட்கும் திறனையே கெடுக்கலாம், தலைசுற்றலும் வரலாம். காதுச் சொட்டுகளில் வரும் இன்னொரு மருந்தான நியோமைசினும் அதே குடும்பம்தான். ஒரு தடவைதானே, பயப்படாதீர்கள் என்று சொல்லி, சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு எழுதிக் கொடுத்தார். ஓட்டைக் காதில் எண்ணெயும் விடக்கூடாதாம். அந்த மட்டில் அயித்தையிடம் நான் முழுசாகத் தோற்கவில்லை.

தேவகோட்டை அம்மா:

எங்கள் வீட்டில் வேறு கதை. மழைக்கு ஊருணி நிரம்பியதிலிருந்து பையன் தண்ணீரிலேயே கிடந்தான். காதில் அரிப்பு. மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் சொட்டு 2 வாரம் விட்டோம். அரிப்பு கூடியதுதான் மிச்சம். டாக்டர் உறிஞ்சி எடுத்ததைக் காட்டினார்: நனைந்த செய்தித்தாள் மாதிரி, நடுவே கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். அதை நாள் கணக்கில் விட்டு, பூஞ்சைக்கு நாங்களே இடம் ஒழித்துக் கொடுத்திருக்கிறோம்.

பள்ளத்தூர் மருமகள்:

நான் செய்தது சின்னத் தப்புதான். பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை அப்படியே வீட்டுக்காரர் காதில் விட்டேன். வீடே சுற்றுகிறது என்று முகப்புத் தூணைக் கட்டிக்கொண்டார். நல்லவேளை, பர்மாத் தேக்கு, தாங்கியது. சில்லென்று இறங்கினால் அப்படித்தான் கிறுகிறுக்குமாம். இப்போது உள்ளங்கையில் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டுத்தான் மூடியையே திறக்கிறேன்.

காரைக்குடிப் பேத்தி:

அப்பத்தா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு: 10 நாளில் வடிவது நின்றது. ஓட்டை அப்படியேதான் இருக்கிறது, குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு வைக்கிறோம். அப்புறம், நான் குப்பையில் போட்ட அந்தப் பழைய பாட்டில் நேற்று மறுபடி அலமாரியில் இருந்தது. "பாதி மருந்து இருக்கேத்தா" என்கிறார்கள் அயித்தை.